வயிற்றுவலி என்று முடித்த கோப்புகளும் ஒரு ஜப்பானியப் படமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிறன்று தங்கள் நாளிதழின் இணைப்பில், ‘ஹராகிரி’ என்னும் ஜப்பானியச் சடங்குத் தற்கொலையைக் கலைப்படங்கள் எவ்வாறு காட்டியிருக்கின்றன என்பது குறித்து முழுப்பக்கக் கட்டுரை ஒன்று வெளியாகியிருந்தது. ஏற்காட்டுக்கு இணைப்பிதழ் பகல் பேருந்தில்தான் வந்து சேரும். அன்று மழையும் சேர்ந்துகொண்டதால் மறுநாள்தான் என் கைக்குக் கிடைத்தது. தமிழ் நாளிதழ் ஒன்று இயக்குநர் மசாக்கி கோபயாஷிக்குப் பக்கம் ஒதுக்குவது அன்றாடம் நடப்பதன்று என்பதால் மகிழ்ச்சியோடுதான் படிக்கத் தொடங்கினேன். படித்து முடித்தபின் இக்கடிதத்தை எழுதாமல் இருக்க இயலவில்லை. இதன் நீளத்தைப் பொறுத்தருள வேண்டும். 31 ஆண்டுகள் வருவாய்த் துறையில் எழுத்தராக இருந்தவனுக்குச் சுருக்கமாக எழுதும் பழக்கம் கடைசிவரை வரவில்லை.

முதலில் பிழையைச் சொல்லிவிடுகிறேன். கட்டுரையின் நடுவே பெரிதாக அச்சாகியிருப்பது, முற்றத்து வெண்விரிப்பின்மேல் நடிகர் தத்சுயா நகடாய் அமர்ந்திருக்கும் காட்சி. அது 1962இல் கோபயாஷி இயக்கிய ‘ஹராகிரி’ படத்தில் வருவது. அதன் கீழே, ‘வாக்னரின் இசையில், சொல்லேதுமற்ற மௌனத்தில், ஓர் அழகிய மரணம்’ என்று குறிப்பு எழுதியிருக்கிறார்கள். ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னரின் இசையும் வசனமின்மையும் அந்தப் படத்துக்கு உரியவை அல்ல. எழுத்தாளர் யூக்கியோ மிஷிமா தாமே எழுதி, இயக்கி, நடித்து 1966இல் வெளியிட்ட ‘யூகோக்கு’ என்னும் அரைமணி நேரக் குறும்படத்துக்கு உரியவை அவை. கோபயாஷியின் படத்துக்கு இசையமைத்தவர் தோரு தகெமிட்சு. அதில் ஒலிப்பது பீவா என்னும் நரம்புக்கருவி; அதையும் மீட்டுகிறார்கள் என்பதைவிட வெட்டுகிறார்கள் என்றே சொல்லத் தோன்றும். அச்சுக்குப் போகும் அவசரத்தில் நேர்ந்த கைத்தவறு என்று இதைக் கடந்துவிடலாம்தான். ஆனால் கட்டுரையும் தொடக்கம் முதல் முடிவு வரை இதே தவறைத்தான் செய்கிறது. சடங்கைப் போற்றிய ஒருவருடைய படத்தையும் அச்சடங்கின் தோலை உரித்த இன்னொருவருடைய படத்தையும் ‘ஜப்பானிய மான உணர்வின் அழகியல்’ என்ற ஒரே கயிற்றில் கட்டிவிடுகிறது. வாதியின் மனுவில் பிரதிவாதியின் கையொப்பத்தை ஒட்டி வைத்தது போன்ற செயல் இது.

சொல்லைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். ‘ஹராகிரி’, ‘செப்புக்கு’ என்ற இரண்டும் வெவ்வேறு சடங்குகள் என்று கட்டுரையாளர் எழுதுகிறார். இரண்டும் ஒன்றே. வயிறு, வெட்டு என்ற அதே இரண்டு எழுத்துகள் இடம் மாறி நிற்கின்றன. பேச்சு வழக்கில் ஹராகிரி, சீன ஒலிப்பு தழுவிய முறையான வழக்கில் செப்புக்கு. கோபயாஷியின் படத்துக்கு ஜப்பானியத்தில் பெயர் ‘செப்புக்கு’தான்.

அந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது 1980களில், சேலத்தில். திரைப்படச் சங்கம் ஒன்று பள்ளி அரங்கில் 16 மி.மீ. கருவியை வைத்துத் திரையிட்டது. சுருள் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போடுவார்கள்; அந்த வெளிச்சத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். திரையில் ஆங்கிலத் துணைவரிகள் ஓடும் வேகத்துக்கு எங்களில் பாதிப் பேருக்குப் படிக்க வராது. பின்வரிசையில் இருந்த கல்லூரி ஆசிரியர் ஒருவர் தாழ்ந்த குரலில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த ஊர்க்காரர்களுக்கு வாள்சண்டைப் படம் புதிதன்று. நான் உட்படப் பலர் சண்டையைப் பார்க்கத்தான் போயிருந்தோம். சண்டை வருவதற்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் எங்களுக்குச் சண்டை வேண்டாததாகிவிட்டது.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1630ஆம் ஆண்டு, இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரில், இயி குலத்தாரின் மாளிகை. நாட்டை ஆண்ட தொக்குகாவா குலத்தின் ஆட்சி நிலைபெற்றுவிட்டதால் போர் இல்லை. போர் இல்லாததால் வாளுக்கு வேலை இல்லை. ஆட்சியின் ஐயத்துக்கு ஆளான சிற்றரசுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்படுகின்றன. ஹிரோஷிமாவை ஆண்ட ஃபுகுஷிமா குலம், கோட்டையை அனுமதியின்றிச் செப்பனிட்டது என்ற காரணத்துக்காக 1619இல் நிலத்தை இழந்தது. அக்குலத்தை நம்பியிருந்த சாமுராய்கள் என்னும் போர்வீரர்கள் தலைவனற்ற ‘ரோனின்’கள் ஆனார்கள். பசியில் வாடிய ரோனின்கள் சிலர் பெரிய வீடுகளின் வாயிலில் நின்று, ‘பட்டினியில் சாவதைவிட முறைப்படி இறக்க விரும்புகிறேன், உங்கள் முற்றத்தைத் தாருங்கள்’ என்று கேட்பதும், தொல்லை வேண்டாமென்று வீட்டார் சில காசுகளைக் கொடுத்து அனுப்பிவிடுவதும் வழக்கமாகிவிட்டதாகப் படம் சொல்கிறது. இயி குலத்தின் நிர்வாகி இவ்வழக்கத்துக்கு முடிவுகட்ட நினைக்கிறார். அவ்வாறு கேட்டு வந்த மோதொமே என்னும் இளைஞனிடம், நீ கேட்டது கிடைக்கும் என்று சொல்லி முற்றத்தை ஆயத்தம் செய்துவிடுகிறார்கள். ஒருநாள் இருநாள் அவகாசம் கொடுங்கள், சென்று திரும்பி வருகிறேன் என்று அவன் கெஞ்சுவதை எவரும் கேட்கவில்லை. நோயில் கிடக்கும் குழந்தைக்கு மருத்துவம் பார்க்க வழியற்று வந்தவன் அவன் என்பது நமக்குப் பின்னால்தான் தெரிகிறது. அவனுடைய வாள்கள் முன்பே விலைபோய்விட்டன. உறைக்குள் இருப்பது மூங்கில். அந்த மூங்கிலைக் கொண்டே சடங்கை நிறைவேற்று என்கிறார்கள்.

‘அட்டைக்கத்தி’ என்பது நம் ஊரில் சிரிப்புக்கு உரிய சொல். வாயால் மட்டும் வீரம் பேசுபவனை அப்படித்தான் அழைக்கிறோம். உறையிலிருந்து மூங்கில் வெளிப்பட்டபோது எங்கள் அரங்கில் முன்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பொலி வந்தது. அதற்குப் பிறகு நெடுநேரம் அங்கே ஒலி எதுவும் இல்லை; பின்வரிசை ஆசிரியரும் மொழிபெயர்ப்பை நிறுத்திவிட்டிருந்தார். அக்காட்சியில் நடப்பதை நான் விவரிக்கப் போவதில்லை. தங்கள் கட்டுரையாளர் 14 வரிகளில் விவரித்திருக்கிறார். அவற்றில் ஒரு வரிகூட, ‘இன்னும் ஆகவில்லை, சரியாகச் செய்’ என்று நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்களைப் பற்றியது அன்று. கோபயாஷியின் கேமரா திரும்பத் திரும்பப் போவது அவர்கள் முகங்களுக்குத்தான்.

மோதொமேயின் மாமனார் ஹன்ஷிரோ அதே வாயிலுக்கு வந்து அதே முற்றத்தைக் கேட்பதுதான் எஞ்சிய கதை. சடங்கில் துன்பத்தை நீட்டவிடாமல் தலையைக் கொய்து முடித்துவைக்கும் துணைவருக்குக் ‘கைஷாகு’ என்று பெயர். ஹன்ஷிரோ தமக்குக் கைஷாகுவாக வேண்டுமென்று மூவரின் பெயரை ஒருவர் பின் ஒருவராகச் சொல்கிறார். மூவருமே அன்று உடல்நலமில்லை என்று பணிக்கு வரவில்லை. காரணம் பிறகு வெளிவருகிறது. ஆள் வரும்வரை நேரம் போக வேண்டுமே என்று அவர் தம் கதையைச் சொல்லத் தொடங்குகிறார். நிர்வாகியும் குலத்தின் வீரர்கள் அத்தனை பேரும் அதைக் கேட்கிறார்கள்.

இங்கே கட்டுரையின் அடிப்படையான கூற்றையே மறுக்க வேண்டியிருக்கிறது. செப்புக்கு என்பது ஒவ்வொரு சாமுராயும் மானம் காக்கத் தானாக விரும்பி ஏற்ற முடிவு என்று அது சொல்கிறது. அவ்வாறு விரும்பி ஏற்றவர்கள் உண்டு. ஆனால் தொக்குகாவா ஆட்சி நடந்த எடோ காலத்தில் அது பெருமளவுக்கு மேலிடம் விதித்த தண்டனை; சாமுராய் வகுப்பினருக்கு மட்டும் அளிக்கப்பட்ட, மரியாதை என்ற பெயர் சூட்டிய மரண தண்டனை. தலைவன் இறந்தால் பணியாளரும் உடன் இறக்கும் வழக்கத்தை அந்த ஆட்சியே 1663இல் தடைசெய்தது. நாளடைவில் தட்டில் குறுவாளுக்குப் பதிலாக விசிறியை வைத்து, அதை நோக்கிக் கை நீண்டதுமே கைஷாகு முடித்துவிடும் அளவுக்கு அது வெறும் நடைமுறையாகிப் போனது. 1873இல் தண்டனைப் பட்டியலிலிருந்தும் நீக்கப்பட்டது. வயிற்றைக் கிழித்துக்கொள்வது ஜப்பானியர் குருதியிலேயே ஊறியது என்று எழுதுவது, உத்தரவில் கையொப்பமிட்டவர்களின் பெயரை அழித்துவிடுவதற்கு ஒப்பானது.

படம் ஒரு குறிப்பேட்டில் தொடங்குகிறது என்பதைக் கட்டுரையாளர் கவனித்தாரா என்று தெரியவில்லை. இயி குலத்தின் அன்றாடக் குறிப்பேடு அது. முடிவிலும் அதே ஏடு திறக்கிறது. இடையே அந்த முற்றத்தில் பெரும் சண்டை நடந்து, பலர் மாண்டு, குலத்தின் பெருமைக்கு அடையாளமாக வணங்கப்பட்டு வந்த முன்னோரின் வெற்றுக் கவசம் தரையில் சிதறிக் கிடக்கிறது. ஏடு என்ன சொல்கிறது? ஹன்ஷிரோ முறைப்படி செப்புக்கு செய்துகொண்டார். அவரால் வெட்டுண்ட குலத்தின் வீரர்களும், நாணத்தாலும் உத்தரவாலும் உயிர்விட்டவர்களும் நோயால் இறந்தார்கள். குருதி கழுவப்படுகிறது, கவசத்தைத் தூக்கிப் பழைய இடத்தில் அமர வைக்கிறார்கள். அத்தனை பேர் கேட்ட ஒரு நீண்ட வாக்குமூலத்திலிருந்து ஒரு சொல்லும் ஏட்டில் ஏறவில்லை. திரைக்கதை எழுதிய ஷினொபு ஹஷிமோட்டோ, 1950இல் அகிரா குரோசாவாவுடன் சேர்ந்து ‘ராஷோமோன்’ எழுதியவர். ஒரே சாவுக்கு ஒன்றோடொன்று பொருந்தாத பல வாக்குமூலங்கள் இருப்பது அந்தப் படம். வாக்குமூலம் ஒன்றே இருந்தும் அதை எழுத மறுப்பது இந்தப் படம். எழுத்தர் வேலை பார்த்த எவருக்கும் இரண்டாவதுதான் அதிகம் பழக்கமானது.

என் சொந்த அனுபவத்தை இங்கே சொல்லாமல் மேலே போக முடியாது. திருமணமாகி 7 ஆண்டுகளுக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டாலோ ஐயத்துக்கிடமான முறையில் இறந்தாலோ, காவல் துறை விசாரணையோடு கோட்டாட்சியர் விசாரணையும் நடக்க வேண்டும் என்பது சட்டம். அத்தகைய விசாரணைகளில் வாக்குமூலம் எழுதும் பணி சில ஆண்டுகள் என்னிடம் இருந்தது. எந்த அலுவலகம், எந்த ஆண்டு என்பவை இங்கே வேண்டாம். ஒருமுறை இறந்த பெண்ணின் தாய் இரண்டு மணி நேரம் பேசினார். அழவில்லை. போட்ட நகை எத்தனை பவுன், அதில் எது எப்போது அடகுக்குப் போனது, தீபாவளிக்கு வந்தவளை எந்தப் பேருந்தில் திருப்பி அனுப்பினோம், ஏறும்போது அவள் என்ன சொன்னாள் என்று வரிசை பிசகாமல் சொன்னார். ‘சம்பந்தமில்லாததை எழுதி ஏட்டை நிரப்பாதீர்’ என்றார் என் மேலதிகாரி. இரண்டு மணி நேரம் முக்கால் பக்கமாயிற்று. இறுதி அறிக்கையில், ‘தீராத வயிற்றுவலியால் மனமுடைந்து’ என்ற சொற்றொடர் இருந்தது. அதை முத்துமுத்தான கையெழுத்தில் எழுதியவன் நான். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று அன்று பாராட்டும் பெற்றேன்.

தங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தை நாற்பது ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். தீராத வயிற்றுவலியால் இறந்தவர்கள் அப்பக்கத்தில் குறைவில்லாமல் வருகிறார்கள். இத்தனை பேருக்கு உண்மையிலேயே வயிற்றுவலி என்றால் மாவட்டத்தின் குடிநீரைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். நிருபர் காவல் நிலையத்துக் குறிப்பைப் பார்த்து எழுதுகிறார். காவல் நிலையம் உறவினர் சொன்னதைக் கேட்டு எழுதுகிறது. உறவினரில் யார் வாய் திறக்கலாம் என்பது ஊரில் முன்பே முடிவாகியிருக்கிறது. இவ்வாறு வந்து சேரும் ஒரு சொல்தான் ‘வயிற்றுவலி’. இயி குலத்தின் ஏட்டில் ‘நோய்’ என்று எழுதப்பட்டதைத் திரையில் கண்ட இரவு, பேருந்து நிலையம் வரை நடந்தே போனேன். கூட வந்த நண்பர் சண்டைக் காட்சியைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார், அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை.

ஏன் வயிறு என்று கட்டுரையாளர் வியக்கிறார். ஜப்பானிய வழக்கில் மனிதனின் உள்ளக்கருத்து இருக்கும் இடம் வயிறு. ஒளிவுமறைவின்றிப் பேசுவதை ‘வயிற்றைப் பிளந்து பேசுவது’ என்றே அவர்கள் சொல்கிறார்கள். இதில் தமிழர் வியக்க என்ன இருக்கிறது? நமக்கும் வயிறுதான் எரிகிறது. நல்ல செய்தி வந்தால் வயிற்றில்தான் பால் வார்க்கிறது. மகளைப் பறிகொடுத்தவளைப் ‘பெற்ற வயிறு’ என்றுதான் குறிப்பிடுகிறோம். ஒருவன் பிழைப்பைப் பறித்தால் அவன் வயிற்றில் அடித்ததாகச் சொல்கிறோம். கோபயாஷியின் படம் முழுக்க முழுக்க இந்தக் கடைசிச் சொற்றொடரைப் பற்றியது. முதலில் வயிற்றில் அடித்தார்கள். பிறகு அதையே கிழித்துக் காட்டு, உன் உள்ளம் தூய்மையா என்று பார்க்கிறோம் என்றார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இப்படமும் அழகான படம்தான். முற்றத்தின் நேர்கோடுகள், வரிசையாக அமர்ந்திருக்கும் வீரர்களின் ஒழுங்கு, உயர்ந்த புல் காற்றில் சாயும் வெளியில் நடக்கும் இருவர் வாட்போர் என்று கறுப்பு வெள்ளையில் ஒவ்வொரு சட்டகமும் அளந்து வைத்தது போன்றது. அந்தப் புல்வெளிக் காட்சியில் எனக்கும் மெய்சிலிர்த்தது, இன்றும் சிலிர்க்கிறது. சடங்கின் கொடுமையைக் காட்ட வந்தவர் சடங்கின் ஒழுங்கழகைக் கொண்டே படத்தைக் கட்டியிருக்கிறார் என்று கட்டுரையாளர் கேட்டிருந்தால் எனக்கு எளிதில் பதில் வந்திராது. இத்தனை நேர்த்தியாகக் கோலம் போட்ட முற்றத்தில் ஓர் உயிர் கெஞ்சுவது கேட்கவில்லையே என்ற எண்ணம் அந்த நேர்த்தியால்தான் வருகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது முழுப் பதிலா என்பதில் எனக்கே ஐயமுண்டு. கோபயாஷி 1942இல் படைக்கு எடுக்கப்பட்டு மஞ்சூரியாவில் நிறுத்தப்பட்டபோது, பதவி உயர்வை மறுத்துக் கடைநிலைச் சிப்பாயாகவே இருந்தவர். வரிசையாக நிற்பதன் அழகை உள்ளேயிருந்து பார்த்தவர் என்பதையாவது சொல்லலாம். 2011இல் தகாஷி மீகே இதே கதையை முப்பரிமாணத்தில் மீண்டும் எடுத்தார். பட்டினியை முப்பரிமாணத்தில் பார்க்க என்னால் இயலவில்லை, பாதியில் நிறுத்திவிட்டேன்.

மிஷிமாவின் படத்துக்கு வருகிறேன். 1936 பிப்ரவரி 26 அன்று டோக்கியோவில் இளம் படை அதிகாரிகள் கிளர்ச்சி செய்தார்கள். புதிதாக மணமானவன் என்று நண்பர்களால் கிளர்ச்சியில் சேர்க்கப்படாத ஒரு துணைநிலை அதிகாரி, அந்த நண்பர்களையே அடக்கும் கட்டளை வரும் என்று அறிந்து மனைவியோடு உயிர்விடுகிறான். 1961இல் வெளியான தம் சிறுகதையை மிஷிமா ‘நோ’ என்னும் ஜப்பானிய மரபு நாடகத்தின் மேடையில் வைத்துப் படமாக்கினார். பின்னணியில் ‘உள்ளத்தூய்மை’ என்று பொருள்படும் இரண்டு எழுத்துகள் தொங்குகின்றன. படைத் தொப்பியின் விளிம்பு அவன் கண்களை மறைத்தே வைத்திருக்கிறது. அங்கே நிர்வாகி இல்லை, குழந்தைக்கு நோய் இல்லை, கடன்காரன் இல்லை, தரையைக் கழுவ ஆள் இல்லை. பார்த்திருப்பவள் மனைவி ஒருத்தி. அவளும் எதையும் கேட்பதில்லை. கலைத்திறனில் குறையுள்ள படம் என்று நான் சொல்லவில்லை. யாருமே கெஞ்சாத ஒரு மரணம் அதில் காட்டப்படுகிறது என்கிறேன். கட்டுரையாளர் ‘அழகிய’ என்ற சொல்லை அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டு வந்து கோபயாஷியின் முற்றத்தில் வைத்துவிட்டார்.

1970 நவம்பர் 25 அன்று டோக்கியோவின் இச்சிகாயா படைத் தளத்தில் மிஷிமா உண்மையாகவே செய்துகொண்ட செப்புக்கு தம் படத்தைப் போல நடக்கவில்லை. மாடத்தில் நின்று அவர் ஆற்றிய உரையைக் கீழே நின்ற சிப்பாய்கள் கேலிசெய்து கூச்சலிட்டார்கள். மேலே ஹெலிகாப்டர்கள் இரைந்தன. சில நிமிடங்களில் உரையை முடித்துக்கொண்டு உள்ளே போனார். கைஷாகுவாக நின்ற இளைஞர் தடுமாற, வேறொருவர் முடிக்க வேண்டியிருந்தது. வாக்னர் இல்லை. மிஷிமாவின் மனைவியுடைய விருப்பப்படி ‘யூகோக்கு’ படத்தின் பிரதிகள் அழிக்கப்பட்டன. மூலச்சுருள் 2005இல்தான் வீட்டில் கண்டெடுக்கப்பட்டது. அந்த அம்மையார் ஏன் அழிக்கச் சொன்னார் என்று கட்டுரையாளர் வருத்தத்தோடு கேட்கிறார். எனக்கு அது கேள்வியாகவே படவில்லை. அமெரிக்கரான பால் ஷ்ரேடர் 1985இல் மிஷிமாவின் வாழ்வை நான்கு அத்தியாயங்களாக எடுத்தபோது பிலிப் கிளாஸின் இசையும் எய்கோ இஷியோகாவின் வண்ண அரங்குகளும் அந்தக் கூச்சலை மறுபடி மூடிவிட்டன என்பது என் கருத்து, மாறுபடுவோர் இருக்கலாம்.

காட்டாமல் விடுவதும் ஒரு வழி. கென்ஜி மிஸொகுச்சி 1941, 1942 ஆண்டுகளில், போர்க்கால அரசின் விருப்பத்துக்கிணங்க, தலைவனின் சாவுக்குப் பழிவாங்கிய 47 ரோனின்களின் கதையை இரண்டு பாகங்களாக எடுத்தார். நாட்டுப்பற்றை ஊட்டும் வீரப்படம் வேண்டுமென்று கேட்டவர்களுக்கு, பழிவாங்கும் தாக்குதலையே திரையில் காட்டாத, ஏறத்தாழ நான்கு மணி நேரப் படம் கிடைத்தது. முடிவில் செப்புக்கு செய்துகொள்வதற்காக வீரர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக அழைக்கப்படுகின்றன, எழுந்து போகிறார்கள், நாம் இப்பால் இருக்கிறோம்.

‘நம் மரபில் இதற்கு இணையே இல்லை’ என்ற கட்டுரையின் கடைசி வரிக்கும் ஒரு சொல். கோப்பெருஞ்சோழன் தன் மகன்களோடு பகைத்து, உண்ணாமல் உயிர்விடத் துணிந்து வடக்கிருந்தான். அவனைக் கண்டிராத பிசிராந்தையார் பாண்டி நாட்டிலிருந்து வந்து அருகே அமர்ந்தார். உடனிருக்க வந்த பொத்தியாரை, மனைவிக்கு மகன் பிறந்தபின் வா என்று சோழன் திருப்பி அனுப்பினான். வெண்ணிப் போரில் முதுகில் பட்ட புண்ணுக்கு நாணிச் சேரமான் வடக்கிருந்தபோது, வெண்ணிக்குயத்தியார் வென்ற கரிகாலனையே பார்த்து, அவன் உன்னைவிட நல்லவன் அல்லனோ என்று பாடினார். புறநானூறு இவற்றைப் போற்றுகிறது, மறுக்கவில்லை. ஆனால் மகன்களோடு வந்த பகையையும் திருப்பி அனுப்பப்பட்டவரின் ஆற்றாமையையும் வென்றவன் கேட்க விரும்பாத சொல்லையும் சேர்த்தே பதிந்து வைத்திருக்கிறது. நவகண்டச் சிற்பங்கள் அவ்வாறல்ல. ஆத்தூர்ச் சாலையில் ஒரு சிற்றூரில், ஒரு கையால் தன் குடுமியைப் பற்றி மறுகையால் கழுத்தில் வாளை வைத்திருக்கும் வீரனுக்கு மஞ்சள் பூசி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அவன் விரும்பி அறுத்தானா, அறுக்கச் சொன்னார்களா என்பதைக் கல் சொல்லவில்லை. முகம் அமைதியாக இருக்கிறது. செதுக்கியவன் வேறு, அறுத்தவன் வேறு.

இறுதியாக, வேண்டுகோள்கள். தற்கொலைச் செய்திகளை முதன்மைப்படுத்தாமலும் முறையை விவரிக்காமலும் வெளியிட வேண்டும் என்று இந்தியப் பத்திரிகை மன்றம் 2019இல் நெறிமுறை வகுத்தது. மாவட்டச் செய்திகளின் கீழே 104 என்ற உதவி எண்ணைக் கட்டமிட்டு வெளியிடுகிறீர்கள், நன்று. 14 வரி விவரிப்பும் அரைப்பக்கப் படமும் இருந்த ஞாயிறு கட்டுரையின் கீழே அந்தக் கட்டம் இல்லை. கலை என்ற சொல் வந்துவிட்டால் படிப்பவர் வேறு ஆளாகிவிடுவாரா? படத்தின் கீழ் உள்ள குறிப்பைத் திருத்தி, 1962இன் படத்தையும் 1966இன் படத்தையும் பிரித்துச் சொல்லி, ‘அழகிய’ என்ற சொல்லை நீக்கித் திருத்தம் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். மாவட்டச் செய்தியாளர்களிடம், ‘தீராத வயிற்றுவலி’ என்ற சொற்றொடரைத் தட்டச்சு செய்வதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பாவது செய்யச் சொல்லலாம்.

இடம் போதாமல் இக்கடிதத்தைச் சுருக்க நேரிடும் என்பதை அறிவேன். அப்படியானால் புறநானூற்றுப் பகுதியை எடுத்துவிடலாம். மிஸொகுச்சியையும், என் திரைப்படச் சங்க நினைவுகளையும் எடுத்துவிடலாம். அந்தத் தாய் இரண்டு மணி நேரம் பேசினார் என்ற வரியை மட்டும் எடுக்க வேண்டாம்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வருவாய்த் துறை எழுத்தர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.